பாப்பாவுக்கு வயசுக்கேத்த வளர்த்தி இல்லையா? வீட்டுச் சுவரிலிருந்து எழும்பூர் வரை ஒரு முழு வழிகாட்டி

இரண்டு வருஷம் முன்பு, நவராத்திரி நேரம். கொளத்தூரில் எங்கள் அபார்ட்மெண்டின் நாலாவது மாடி மாமி வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். பட்டுப்பாவாடை தடுக்க, சுண்டல் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றாள். "குழந்தைக்கு ரெண்டு வயசு ஆயிடுச்சா?" என்று ஒரு அம்மா கேட்டார். போன வாரம்தான் மூன்று முடிந்தது என்றேன். குழந்தையை ஏற இறங்கப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தி, "சரியா சாப்பிடறதில்லையாம்மா?" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் தேடத் தேட பயம்தான் கூடியது. ஒரு பக்கம் 'எல்லாம் சரியாகிவிடும்' என்றது, இன்னொரு பக்கம் பெயரே வாயில் நுழையாத நோய்களை வரிசையாகச் சொன்னது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் டாக்டர்களிடம் கேட்டும், நானே தப்பு செய்தும் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு அம்மாவோ அப்பாவோ வீட்டில் என்னென்ன செய்து வைக்கலாம், எப்போது காத்திருக்கலாம், எப்போது காத்திருக்கவே கூடாது என்பதுதான் இங்கே விஷயம்.

1. வயதை மாதக் கணக்கில் எழுதுங்கள்

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. மூன்று முடிந்த மறுநாளே "நாலு நடக்குது" என்போம். அடுத்த வீட்டுக்காரர் காதில் அது 'நாலு வயசு' என்று விழும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி மூன்று வயதுப் பெண் குழந்தையின் நடுமட்ட உயரம் (பாதிக் குழந்தைகள் இதற்கு மேல், பாதி கீழ்) 95.1 சென்டிமீட்டர், நாலு வயதில் 102.7. நடுவில் ஏழரை சென்டிமீட்டர் இருக்கிறது. 'நடக்கிற' வயதை வைத்து ஒப்பிட்டால் பாதிக் குழந்தைகள் குள்ளமாகத்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஒரே எல்கேஜி வகுப்பில் பத்து, பதினோரு மாத வித்தியாசத்தில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள். சேர்க்கைத் தேதியை ஒட்டி, கடைசியில் பிறந்த குழந்தை ஆண்டு விழா போட்டோவில் சின்னதாகத் தெரிவதில் அதிசயம் ஒன்றுமில்லை. பிறந்த தேதியை எடுத்து '3 வருஷம் 4 மாதம்' என்று எழுதுங்கள். ஒப்பிட வேண்டுமானால் அந்த மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை இன்னொரு கணக்கும் உண்டு. எட்டு வாரம் முன்னதாகப் பிறந்திருந்தால் அந்த எட்டு வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் வயதைப் பார்க்க வேண்டும்.

2. சரியாக அளந்து பாருங்கள்

இந்தப் படியை யாரும் மதிப்பதில்லை. நானும்தான் மதிக்கவில்லை.

கொலு முடிந்த அந்த வாரமே ஒரு கிளினிக்கில் அளந்தார்கள். 90.3 சென்டிமீட்டர் வந்தது. தை மாதம் திருத்தணியில் மொட்டை போட்டுவிட்டு வந்தோம். நாலு மாதம் கழித்து அதே கிளினிக்கில் அளந்தால் 90.8. நாலு மாதத்தில் அரை சென்டிமீட்டர்! வளர்ச்சியே நின்றுவிட்டது என்று ஆட்டோவில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். ராத்திரி என் கணவர் போனில் பழைய போட்டோக்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "இங்க பாரு" என்று ஒன்றைக் காட்டினார். முதல் தடவை அளந்த அன்று எடுத்தது. உச்சந்தலையில் ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்தி வைத்த கொண்டை. அளந்தவர் கட்டையைக் கொண்டையின் மேல் வைத்திருக்கிறார், நானும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறேன். கொண்டையைக் கழித்தால் முதல் அளவு 88.5 பக்கம்தான் இருந்திருக்கும். அப்படியென்றால் நாலு மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கிறாள்.

வீட்டில் அளக்கும் முறை இது. துணி இன்ச் டேப் நாளாக நாளாக இழுபடும், அதனால் தச்சு வேலைக்காரர் வைத்திருக்கும் இரும்பு டேப்பை வாங்குங்கள். ஸ்கர்ட்டிங் டைல்ஸ் துருத்திக்கொண்டிருக்காத சுவராகப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சுவர் கிடைக்கவில்லை, கடைசியில் பீரோவின் பக்கவாட்டில் அளந்தோம். செருப்பு, சாக்ஸ், கிளிப், கொண்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குதிகால், பின்புறம், தோள், பின்தலை நான்கும் சுவரில் பட வேண்டும். பார்வை நேராக இருக்கட்டும், தாடை தூக்கக் கூடாது. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, மெல்லக் கீழே இறக்கித் தலையில் பட்டதும் பென்சிலால் கோடு போடுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். ஒருவர் குதிகாலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளப்பது நல்லது.

ஒவ்வொரு தடவையும் காலையிலேயே அளப்பது முக்கியம். நாளெல்லாம் ஓடி ஆடிய பிறகு சாயங்காலம் அளந்தால் கொஞ்சம் குறைந்துதான் வரும். இரண்டு வயது வரை படுக்க வைத்து அளப்பார்கள், அதன் பிறகு நிற்க வைத்து. படுத்த அளவை விட நின்ற அளவு சுமார் 0.7 சென்டிமீட்டர் குறைவாக வரும். இரண்டாவது பிறந்தநாளை ஒட்டி 'குறைந்துவிட்டாளே' என்று பதறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒரே மெஷினில், ஜட்டி மட்டும் போட்டு எடுங்கள். உயர வேகத்தைக் கணக்கிட ஆறு மாத இடைவெளியாவது வேண்டும், ஒரு வருஷம் என்றால் இன்னும் நல்லது. வாராவாரம் அளந்தால் கையின் தடுமாற்றத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

3. சார்ட்டில் புள்ளி வையுங்கள்

கர்ப்ப காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த தாய் சேய் அட்டை எங்காவது பீரோவில் கிடக்கும், தேடி எடுங்கள். அதில் வளர்ச்சி வரைபடம் இருக்கும், பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு, ஆணுக்கு நீலம். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகள்தான் ஐந்து வயது வரைக்கும். ஐந்திலிருந்து பதினெட்டு வரை இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கத்தின் 2015 சார்ட்டை டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள்.

"அதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைங்க அளவு" என்று ஒரு பேச்சு உண்டு. அந்த 2006 அளவுகள் ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து எடுத்தவை, அதில் ஒன்று இந்தியா, டெல்லிக் குழந்தைகள். நல்ல சாப்பாடும் தாய்ப்பாலும் சுத்தமான சூழலும் கிடைத்தால் எந்த ஊர்க் குழந்தையும் முதல் ஐந்து வருஷம் ஏறத்தாழ ஒரே மாதிரி வளர்கிறது என்பதுதான் அவர்கள் கண்டது. அதனால் சார்ட்டைத் தள்ளிவிடாதீர்கள்.

பெண் குழந்தைகளின் நடுமட்டமும் கீழ்க்கோடும் இப்படி. இரண்டு வயதில் உயரம் 85.7, கீழ்க்கோடு 79.3, எடை 11.5 கிலோ, கீழ்க்கோடு 9. மூன்று வயதில் 95.1, கீழ்க்கோடு 87.4, எடை 13.9, கீழ்க்கோடு 10.8. நாலில் 102.7, கீழ்க்கோடு 94.1, எடை 16.1, கீழ்க்கோடு 12.3. ஐந்தில் 109.4, கீழ்க்கோடு 99.9, எடை 18.2, கீழ்க்கோடு 13.7. நூறு ஆரோக்கியமான குழந்தைகளை வரிசையாக நிறுத்தினால் இரண்டு பேர் இந்தக் கீழ்க்கோட்டுக்கும் கீழேதான் நிற்பார்கள். நோய் இருப்பதால் இல்லை, வரிசை என்று ஒன்று இருந்தால் கடைசியில் யாராவது நிற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த இரண்டு பேரில் உங்கள் குழந்தை ஒன்றா, அல்லது எதுவோ தடுத்து அங்கே தள்ளப்பட்ட குழந்தையா என்று பார்க்க வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் கீழே புள்ளி விழுந்தால் டாக்டரைப் பார்த்துவிடுவதே சரி.

4. உங்கள் இருவர் உயரத்தையும் அளங்கள்

நிஜமாகவே அளக்க வேண்டும். லைசென்ஸில் எழுதியிருப்பதும் ஜாதகம் கொடுக்கும்போது சொன்னதும் செல்லாது. அந்தக் காகிதங்களில் எல்லாருமே இரண்டு சென்டிமீட்டர் கூடுதல்.

பெண் குழந்தைக்குக் கணக்கு: அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, 13-ஐக் கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். ஆண் குழந்தை என்றால் 13-ஐக் கூட்ட வேண்டும். என் கணவர் 163, நான் 150. கூட்டினால் 313, பதின்மூன்று போக 300, பாதி 150. வளர்ந்த பிறகு என் மகளின் உயரம் 150-ஐச் சுற்றி எட்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். 150 சென்டிமீட்டர் பெண்கள் சார்ட்டில் கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில்தான் போகிறது. வீட்டு வாசல் நிலை எத்தனை உயரமோ அத்தனைதான் கதவு செய்ய முடியும். அவளை நடுக்கோட்டில் எதிர்பார்த்ததுதான் என் தப்பு.

"என் பிள்ளையும் இப்படித்தான் இருந்தான்" என்று அத்தை, அதாவது என் மாமியார், ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்று அப்போது தெரியவில்லை. இன்னொன்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: அப்பா பள்ளியில் கடைசி இரண்டு வருஷத்தில்தான் 'சட்டென்று' வளர்ந்தாரா? அம்மா வயதுக்கு வந்தது தோழிகளை விடத் தாமதமா? அந்தக் குடும்பங்களில் குழந்தைகள் சின்னதாகவே இருந்து பிந்தி வளர்வது உண்டு.

அதற்காக 'குடும்ப வளர்த்தியே இப்படித்தான்' என்று கதவைச் சாத்திவிடவும் கூடாது. தாத்தா பாட்டி காலத்தில் சாப்பாட்டுப் பற்றாக்குறையால் குள்ளமானவர்களும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். பெற்றோரில் ஒருவர் மிகவும் குள்ளம் என்றால் அதற்கே காரணம் தேட வேண்டியிருக்கலாம்.

5. கோட்டைப் படியுங்கள்

டாக்டர்கள் உண்மையில் பார்ப்பது இதைத்தான். தனியாக ஒரு புள்ளி பெரிதாக எதுவும் சொல்லாது. மூன்று நாலு புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால்தான் கதை தெரியும்.

பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை முதல் வருஷம் 25 வளரும். இரண்டாம் வருஷம் சுமார் 12, மூன்றாம் வருஷம் எட்டு ஒன்பது. அதன் பிறகு வருஷத்துக்கு ஆறு ஏழு என்று குறைந்து, பருவ வயது வரும்வரை ஐந்து ஆறு என்று போகும். எடையும் அப்படித்தான். முதல் வருஷம் ஆறு கிலோ ஏறிய குழந்தை அதன் பிறகு வருஷத்துக்கு இரண்டு இரண்டரை கிலோதான் ஏறும். ஒரு வயதுக்கு மேல் 'சாப்பாடே இறங்கவில்லை' என்று எல்லா வீட்டிலும் புலம்பல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். வளர்ச்சி வேகம் குறைகிறது, பசியும் குறைகிறது.

ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை குழந்தை ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சகஜம், தன் குடும்ப அளவைத் தேடிப் போகும். அதன் பிறகு ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கீழ்த் தடமாகவே இருந்தாலும் அதிலேயே ஒட்டிப் போனால் நிம்மதி. என் மகள் மூன்றில் 88.5, நாலில் 95.4, ஐந்தில் 101.6. எல்லாமே கீழ்க்கோட்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவு மேலே. அவள் அந்தத் தடத்தில்தான் போகிறாள்.

எது முதலில் சரிந்தது என்றும் பாருங்கள். எடை முதலில் சரிந்து, உயரம் பின்னால் சரிந்தால் சாப்பாடு போதவில்லை அல்லது ஏதோ நோய் சத்தை உறிஞ்சுகிறது என்று யோசிப்பார்கள். உயரம் மட்டும் தேங்கி, குழந்தை குண்டாகவோ சரியான எடையிலோ இருந்தால் தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் பக்கம் யோசனை போகும். 'நல்லா கொழுகொழுன்னுதான் இருக்கா, உயரம்தான் இல்லை' என்று விட்டுவிடும் குழந்தைகளைத்தான் சீக்கிரம் காட்ட வேண்டும். ஒல்லிக் குழந்தையைப் பற்றி ஊரே பேசும், இந்தக் குழந்தையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

6. பிறந்த எடை

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். நிறைமாதத்தில் பிறந்தும் இரண்டரை கிலோவுக்குக் குறைவாக இருந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் இரண்டு வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுவார்கள். பத்தில் ஒருவர் அளவுக்கு எட்டிப் பிடிப்பதில்லை. இரண்டு மூன்று வயது தாண்டியும் கீழ்க்கோட்டுக்குக் கீழேயே இருந்தால், 'பிறக்கும்போதே சின்னது' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

7. மூன்று நாள் சாப்பாட்டுக் கணக்கு

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், குழந்தையின் வாய்க்குள் போன எல்லாவற்றையும் மூன்று நாளைக்கு எழுதுங்கள். கொடுத்ததை எழுத வேண்டாம், உள்ளே போனதை மட்டும். என் தாளில் முதல் நாள் இப்படி இருந்தது:

காலை ஏழு மணி, 200 மில்லி பால், அதில் மால்ட் பவுடர் இரண்டு ஸ்பூன். எட்டரைக்கு அரை இட்லி. பத்தரைக்கு இரண்டு பிஸ்கட். ஒரு மணிக்கு ரசம் சாதம் நாலு வாய். நாலு மணிக்கு மறுபடி பால் 200. ஆறுக்கு ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். எட்டரைக்குத் தோசையில் கால்வாசி, யூடியூப் பார்த்துக்கொண்டே. 'ஒன்றுமே சாப்பிடவில்லையே, பாலாவது குடிக்கட்டும்' என்று படுக்கப் போகும்போது பாட்டிலில் 250.

மொத்தம் 650 மில்லி பால். டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார், குழந்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.8. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, அதோடு வயிற்றை நிரப்பி மற்ற சாப்பாட்டைத் தள்ளிவிடும். ரத்தசோகை வந்தால் பசி குறையும், பசி குறைந்தால் பால்தான் இறங்கும். நாங்கள் அந்த வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம். நாளைக்கு 400 மில்லிக்கு மேல் வேண்டாம், பாட்டிலை இன்றோடு நிறுத்துங்கள் என்றார். மூன்று ராத்திரி அழுகை. நாலாம் நாள் காலையில் இரண்டு இட்லி கேட்டாள்.

ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தைக்கு நாளைக்குச் சுமார் ஆயிரம் கலோரி போதும். வயிறோ கைப்பிடி அளவு. அதனால் ஒவ்வொரு வாயிலும் சத்து அடர்த்தியாக இருக்க வேண்டும். ரசம் சாதம் நாலு வாய் என்றால் பாதி தண்ணீர். அதே நாலு வாயைக் கெட்டிப் பருப்பு சாதமாக, ஒரு டீஸ்பூன் நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தால் நெய்யில் மட்டும் 40 கலோரிக்கு மேல் கிடைக்கும். இட்லிக்கு நல்லெண்ணெய் குழைத்த எள்ளுப்பொடி, தோசை மாவில் ஒரு முட்டை, உப்புமாவில் வேர்க்கடலைப் பொடி, ஆவினில் நீலப் பாக்கெட்டுக்குப் பதில் ஆரஞ்சுப் பாக்கெட். பெரிய செலவு எதுவுமில்லை. முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம். அசைவ வீடென்றால் நெத்திலி, ஈரல் எல்லாம் கொடுக்கலாம். சைவ வீடென்றால் பருப்பு, கொண்டைக்கடலை, கீரையோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா என்று ஏதாவது ஒன்று சேர்த்துக் கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஏறும். 'ஒரு வாய்' காபி, டீ வேண்டவே வேண்டாம், அது இரும்புச்சத்தைத் தடுக்கும். முழு வேர்க்கடலை, முந்திரியை இந்த வயதில் கையில் கொடுக்காதீர்கள், புரை ஏறினால் ஆபத்து. பொடித்துப் போடுங்கள்.

கேழ்வரகுக் கூழ் நல்லதுதான், நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். இருபத்தைந்து பொருள் போட்டு அரைத்த சத்துமாவு ஏழு பொருள் போட்டதை விட உசத்தி என்று எனக்குத் தோன்றவில்லை. கெட்டியாகக் காய்ச்சுகிறோமா, தண்ணீர் மாதிரி விடுகிறோமா என்பதில்தான் விஷயம்.

ஊட்டும் விதமும் உண்டு. மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு இரண்டரை மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை. உட்கார்ந்த இடத்தில், அரை மணிக்குள். போன் கிடையாது. என்ன, எப்போது என்பது நம் கையில். எவ்வளவு என்பது அவள் கையில். முதல் வாரம் கிண்ணம் அப்படியே திரும்பி வரும், மனசு கேட்காது. கையைப் பிடித்து வாயில் திணித்தால் அந்தக் கிண்ணத்தைக் கண்டாலே ஓடுவாள். புதுச் சாப்பாடு பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட்ட பிறகுதான் சில குழந்தைகள் தொட்டுப் பார்க்கும்.

தூக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. மூன்று நாலு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். பதினொரு மணி சீரியல் முடிந்து குழந்தை தூங்கும் வீடுகள் யோசிக்கலாம்.

8. காசையும் குழந்தையையும் வீணாக்காதீர்கள்

'தொக்கம் எடுக்கிறேன்' என்று வயிற்றிலிருந்தோ தொண்டையிலிருந்தோ எதையோ எடுத்துக் காட்டுபவர்களிடம் போக வேண்டாம். மாதக்கணக்கில் தொண்டையில் எதுவும் சிக்கியிருக்காது. உண்மையில் சிக்கியிருந்தால் அது அவசர கேஸ். திருஷ்டி சுற்றிப் போடுவதில் எனக்குத் தகராறு இல்லை, அதில் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

பசி எடுக்க மெடிக்கல் ஷாப்பில் தானாகக் கேட்டு வாங்கும் சிரப்பைத் தொடாதீர்கள். பலவற்றில் இருப்பது தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்து. நிறுத்தினால் பசியும் நின்றுவிடும்.

மால்ட் பவுடர்களில் சர்க்கரைதான் பெரும்பங்கு. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், அவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்க வேண்டாம் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. உயரத்தைக் கூட்டும் என்ற பவுடர்களும் எண்ணெய்களும் பற்றிப் பேசவே ஒன்றுமில்லை.

பூச்சி மருந்து வேறு விஷயம், அது வேண்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுப்பார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பாதி மாத்திரை, அதற்கு மேல் முழுதும், சின்னக் குழந்தைகளுக்குப் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

9. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

எடை குறைந்தாலோ, மூன்று மாதமாக ஏறாமல் நின்றாலோ காத்திருக்காதீர்கள். நாலு வயதுக்கு மேல் வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட வளராவிட்டாலும், இரண்டு வயதுக்குப் பிறகு தடம் மாறிக் கீழே இறங்கினாலும் அப்படியே. நெடுநாள் வயிற்றுப்போக்கு, அளவுக்கு மீறிய தாகமும் சிறுநீரும், காலையில் தலைவலியோடு வாந்தி, ஓடினால் மூச்சிரைப்பு, தெரிந்த வார்த்தைகளை மறப்பது, உடம்புக்குப் பொருத்தமில்லாமல் குட்டையான கை கால் ஆகியவையும் இந்தப் பட்டியலில்தான். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்து குழந்தைக்கு இருமலோ காய்ச்சலோ இரண்டு வாரம் நீடித்தால் அன்றே போங்கள்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு எளிய சோதனையும் உண்டு. இடது மேற்கையின் நடுவில் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஊட்டச்சத்துக் குறைவு. 11.5-க்கும் கீழே போனால் கடுமையானது, தாமதிக்கவே கூடாது.

10. சென்னையில் எங்கே போவது

முதலில் பக்கத்து அங்கன்வாடி, நம் வாயில் பால்வாடி. அங்கே குழந்தையைப் பதிந்துகொண்டால் மாதாமாதம் எடை எடுப்பார்கள், இணை உணவுச் சத்துமாவு தருவார்கள், எல்லாம் இலவசம். 'அது ஏழைகளுக்கு' என்று ஒதுங்க வேண்டாம். எடை மெஷின் யாருக்கும் ஒரே எண்தான் காட்டும்.

அடுத்து மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், அல்லது தடுப்பூசி போடும் உங்கள் வழக்கமான குழந்தை டாக்டர். ஆளை அடிக்கடி மாற்றாதீர்கள். கோடு ஒரே கையில் இருந்தால்தான் கோடு. பெரிய பரிசோதனை வேண்டும் என்றால் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள், இட்லி டப்பாவும் மாற்றுத் துணியும் கையில் இருக்கட்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம். தனியார் என்றால் பீடியாட்ரிக் எண்டோகிரைனாலஜிஸ்ட் (குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டர்) என்று போர்டு போட்டவர்கள்தான் இதற்கான நிபுணர்கள். பெரியவர்களுக்கு சுகர் பார்க்கும் டாக்டர் வேறு.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: தாய் சேய் அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, உங்கள் அளவுகள் தேதியோடு, பெற்றோர் உயரம், காலண்டர் தாள்.

என்னென்ன பரிசோதனை எழுதுவார்கள்? முதலில் ரத்த அணுக்கள், தைராய்டு, சிறுநீர், சிறுநீரகம், கோதுமையிலுள்ள குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய்க்கான ரத்தச் சோதனை. இடது கை மணிக்கட்டுக்கு ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பின் வயது என்ன என்று பார்க்க. ஐந்து வயதுக் குழந்தைக்கு எலும்பு மூன்றரை வயதாகத் தெரிந்தால், வளர இன்னும் காலம் மிச்சம் இருக்கிறது என்று ஒரு அர்த்தம், தைராய்டோ ஹார்மோனோ குறைவு என்று இன்னொரு அர்த்தம். எது என்று டாக்டர் கோட்டை வைத்துச் சொல்வார்.

பெண் குழந்தைக்கு மட்டும் இன்னொன்று கேளுங்கள்: கேரியோடைப் எனும் குரோமோசோம் சோதனை. டர்னர் சிண்ட்ரோம் என்பது ஒரு X குரோமோசோம் இல்லாமலோ குறைபட்டோ பிறக்கும் நிலை, பெண்களுக்கு மட்டுமே வருவது, சுமார் இரண்டாயிரம் இரண்டாயிரத்து ஐநூறு பெண் குழந்தைகளில் ஒருவருக்கு. சிலருக்கு உயரக் குறைவைத் தவிர வெளியே வேறெதுவும் தெரியாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் வளர்ச்சி ஹார்மோன் ஊசி பலன் தரும், இதயம், சிறுநீரகம், காது எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் 'வயதுக்கு வரவில்லையே' என்று போய்த் தெரிந்துகொள்வது தாமதம். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருக்கும், அல்லது பெற்றோர் உயரத்துக்குப் பொருந்தாமல் குள்ளமாக இருக்கும் பெண் குழந்தைக்கு இது தேவையா என்று வாய்விட்டுக் கேட்பதில் தப்பில்லை.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி எல்லாக் குள்ளக் குழந்தைக்கும் உரியது இல்லை. குறைபாடு உறுதியானவர்களுக்கும், டர்னர் போன்ற சில நிலைகளுக்கும்தான். வருஷக்கணக்கில் தினமும் போட வேண்டியது. முதல் சந்திப்பிலேயே யாராவது ஊசியைப் பற்றிப் பேசினால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

எங்களுக்குக் கிடைத்த விடை: தைராய்டு சரி, எலும்பு வயது சரி, குரோமோசோம் சரி. இரும்புச்சத்து சிரப் மூன்று மாதம், பாலைக் குறை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து அளந்துவிட்டுப் போ.

11. ஊர் வாய்

குழந்தையின் காது பட 'ஒல்லிக்குச்சி', 'குட்டையம்மா' என்று யாராவது சொன்னால், நான் இப்போது ஒரே வரிதான் சொல்கிறேன்: "டாக்டர் பார்த்துட்டுதான் இருக்காரு ஆன்ட்டி, நல்லா இருக்கா." விளக்கம் சொன்னால் வைத்தியம் சொல்வார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் மட்டும் சார்ட்டையே காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று புள்ளிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "ஏறிட்டுத்தானே போகுது" என்றார். அதற்குப் பிறகு ராத்திரி பாட்டில் பேச்சை எடுக்கவில்லை.

பாத்ரூம் வாஷ்பேசினுக்குக் கீழே ஒரு முக்காலி, எட்டும் உயரத்தில் அவள் டம்ளர், இடுப்பில் எலாஸ்டிக் வைத்த யூனிபார்ம். வயதுக்குரிய வேலையைத் தானே செய்ய இவை போதும். அளவு சின்னது என்பதற்காக இடுப்பில் தூக்கிக்கொண்டே திரிந்தால், எல்லாரும் அவளை இரண்டு வயசு மாதிரியே நடத்துவார்கள்.

பள்ளியில் பிரேயருக்கு உயர வரிசையில் நிற்க வைக்கிறார்கள். என் மகள்தான் முன்னால். தினமும் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும், "இன்னிக்கும் நான்தான் ஃபர்ஸ்ட்" என்கிறாள். நான் இன்னும் திருத்தவில்லை.